வெட்டிய சொற்களிலிருந்து வந்த படங்கள்

தாகூர் என்றால் எங்கட ஆக்களுக்கு நினைவுக்கு வாறது கீதாஞ்சலி, நோபல் பரிசு, இந்திய தேசிய கீதம், பிறகு அந்தத் தாடி. இதே மனிசன் அறுபது வயது தாண்டினாப் பிறகு படம் கீறத் தொடங்கி, 1941 இல் கண்மூடுவதற்கு முதல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கீறி முடித்தவர் என்று சொன்னால் கனபேர் நம்பாயினம். பொழுதுபோக்காகக் கீறிய பூக்களும் மலைகளும் என்று நினைக்கவும் வேண்டாம். பெயர் தெரியாத மிருகங்கள், பாதி பறவையும் பாதி பல்லியுமாக நெளிகிற உருவங்கள், இருட்டுக்குள் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற நீட்டு முகங்கள். அவருடைய கவிதையில் இருக்கிற வெளிச்சத்தை இந்தப் படங்களில் தேடினால் ஏமாற்றம்தான்.

உள்ளுணர்வாலும் அந்தந்த நேரத்து மனப்போக்காலும் படம் செய்வது பற்றிக் கதை எடுத்தால் எல்லாரும் பாரிசுக்கும் நியூயோர்க்குக்கும் ஓடுவினம். ஓடட்டும், நாங்களும் கொஞ்சம் ஓடிப்போய்ப் பார்ப்போம். ஆனால் எனக்கு இந்த விசயம் முதன்முதலில் வடிவாக விளங்கியது தாகூரின் கையெழுத்துப் பிரதிகளின் படங்களைப் பார்த்தபோதுதான்.

அந்தப் பிரதிகளில் நடக்கிறது இதுதான். அவர் கவிதை எழுதிக்கொண்டு போகிறார். ஒரு சொல் சரிவரவில்லை, வெட்டுகிறார். இரண்டு வரி தள்ளி இன்னொரு சொல். அதையும் வெட்டுகிறார். கீழே ஒரு முழு வரியே போகிறது. நாங்கள் என்றால் அப்பிடியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவோம், இல்லாவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவோம். தாகூருக்கு அந்த வெட்டுகள் கண்ணை உறுத்தின. பக்கத்தில் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அநாதைகள் மாதிரிக் கிடக்கின்றன. எழுத்தில் சந்தம் பார்த்துப் பார்த்து வளர்ந்த மனிசனுக்கு அது தாங்கேலாது. ஒரு திட்டிலிருந்து மற்றத் திட்டுக்கு ஒரு கோடு இழுக்கிறார். கோடு வளைகிறது. மூன்றாவது திட்டைத் தொடுகிறது. இப்ப அது ஒரு கழுத்து மாதிரி இருக்கிறது. சரி, ஒரு அலகு வைப்போம். கண் வேண்டாமா? வெட்டுப்பட்ட சொல் ஒரு பறவையின் வயிறாகிவிட்டது. பக்கத்தில் மிஞ்சிய கவிதை அந்தப் பறவையைச் சுற்றி ஒதுங்கி நிற்கிறது.

அந்த வெட்டுகள் மீட்சி கேட்டுக் கத்துகிற பாவிகளைப் போல இருந்தன என்ற கருத்துப்பட அவரே 1930 இல் எழுதினார். எழுதுகிற வேலையை விட்டுவிட்டு அவற்றைக் காப்பாற்றுகிற வேலையில் கனநேரம் போனது என்றும் சொல்லியிருக்கிறார். அதாவது, படம் கீறுவதற்காக அவர் குந்தவில்லை. பிழைத்த சொல்லுக்கு ஒரு போக்கிடம் தேடித்தான் கீறினார்.

1924 இன் கடைசியில் தாகூர் பெருவின் அழைப்பில், அங்கே நடக்கவிருந்த நூற்றாண்டு விழாவுக்குக் கப்பலில் போனார். வழியில் உடம்புக்கு முடியாமல் ஆர்ஜென்டினாவில் இறங்கவேண்டி வந்தது. பெருவுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. புவனோஸ் அயர்சுக்குப் பக்கத்தில் சான் இசித்ரோ என்ற இடத்தில், ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு வீட்டில், எழுத்தாளர் விக்தோரியா ஒகாம்போவின் விருந்தாளியாகத் தங்கினார். அங்கே எழுதிய கவிதைகள் பிறகு 'பூரபி' தொகுப்பில் வந்தன. அந்தக் கொப்பியைத்தான் ஒகாம்போ பார்த்தார். வங்காளம் அவருக்குத் தெரியாது. எழுத்து விளங்காதபடியால் கோடுகள் அவருக்கு இன்னும் துலக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். கவிதையை வாசிக்கத் தெரிந்தவர்கள் கண்ணெடுத்துப் பாராமல் கடந்துபோனதை, வாசிக்கத் தெரியாத ஒரு பெண் நின்று பார்த்தார்.

இதே 1924 இல் பாரிசில் என்ன நடந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்த ஒக்டோபரில்தான் அந்திரே பிரெத்தோன் மிகையதார்த்தவாதத்தின் முதல் அறிக்கையை வெளியிட்டார். அறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் தானாகக் கொட்டுவதுதான் அந்த அறிக்கையின் உயிர். அந்தக் காலத்திலேயே அந்திரே மசோன் என்ற ஓவியர் பேனையையும் மையையும் எடுத்து, எதைக் கீறப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் கையை ஓடவிட்டார். கோடுகள் சிக்கிச் சிடுக்காகி, அதற்குள் ஒரு கை, ஒரு மார்பு, ஒரு மீன் என்று தெரியத் தொடங்கும். தெரிந்ததைக் கொஞ்சம் துலக்குவார், அல்லது அப்பிடியே விட்டுவிடுவார். அடுத்த வருசம், 1925 ஓகஸ்ட் மாதத்தில், மக்ஸ் ஏர்ண்ஸ்ட் ஒரு கடலோர விடுதியில் தேய்ந்துபோன பலகைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தாளை அதன்மேல் போட்டு உரஞ்சினார். மரத்தின் ரேகைகள் காடாகவும் மிருகமாகவும் வந்தன. நாங்கள் சின்னனில் சதக்காசை வைத்துப் பென்சிலால் உரஞ்சின அதே வித்தைதான். அவர் அதிலிருந்து ஒரு முழுப் படத்தொகுப்பே செய்தார்.

தாகூர் இவர்களைப் பார்த்துக் கீறினார் என்று சொல்ல ஏலாது. ஆனால் உலகம் தெரியாமல் ஒரு மூலையில் இருந்து கீறினார் என்றும் சொல்லேலாது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் பௌஹவுஸ் ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. கன்டின்ஸ்கி, பௌல் கிளே போன்றோரின் வேலைகள் கடல் தாண்டி வந்திருந்தன. இந்தக் கன்டின்ஸ்கி தன்னுடைய படங்களையே மூன்று வகையாகப் பிரித்தவர். வெளியுலகைப் பார்த்ததால் வந்தவை ஒரு வகை. கனகாலம் யோசித்து, திருப்பித் திருப்பி வரைந்து கட்டியெழுப்பியவை இன்னொரு வகை. இவற்றுக்கு நடுவில், உள்ளே இருந்து திடீரென்று, பெரும்பாலும் தன்னையறியாமல் வந்தவைக்கு, இசையில் இருந்து ஒரு சொல்லை எடுத்து இம்புரோவைசேசன் என்று பெயர் வைத்தார். எங்கட நாதஸ்வரக்காரர் திருவிழாவில் சுவாமி வீதி சுற்றும்போது நடுச்சாமத்தில் இராகம் ஆலாபனை செய்வதைக் கேட்டவைக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. 'மனோதர்மம்' என்று எங்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் கிடக்கிறது. ஆனால் அதைப் படத்துக்குப் பாவிக்கிற பழக்கம் இல்லை.

மசோனுக்கும் தாகூருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படுகிறது. மசோனின் முன்னால் இருந்தது வெறுந்தாள். தாகூரின் முன்னால் இருந்தது எழுதி, வெட்டி, அழுக்காகிப்போன தாள். ஒருவர் ஆழ்மனதைக் கொட்டப் பார்க்கிறார். மற்றவர் ஏற்கெனவே விழுந்துகிடக்கிற ஒரு அடையாளத்துக்குப் பதில் சொல்கிறார். உள்ளுணர்வு என்றால் உள்ளுக்குள் இருந்து பீறிட்டு வாறது என்றுதான் பொதுவாகக் கதைக்கிறோம். தாகூரின் கொப்பியைப் பார்த்தால் அது பாதிக்கு மேல் வெளியில் கிடக்கிறது. தாளில் ஒரு கறை இருக்கிறது. கை அதற்கு என்ன மறுமொழி சொல்லப்போகிறது என்பதுதான் விளையாட்டு. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஈரச் சுவரில் இருக்கிற கறைகளைப் பார், அதில் மலையும் சண்டையும் முகமும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி எழுதிவைத்திருக்கிறார். சீனாவில் தாங் வம்ச காலத்து வாங் மோ என்ற ஓவியர் வெறியில் பட்டுத்துணியில் மையை ஊற்றிவிட்டு, சிரித்துப் பாடியபடி கையாலும் காலாலும் அதை இழுத்து, விழுந்த திட்டுகளைப் பார்த்து மலையும் முகிலும் தண்ணீரும் ஆக்கினார் என்று பழைய சீன நூல் ஒன்று சொல்கிறது.

1928 அளவில் தாகூர் கவிதைக் கொப்பியை விட்டுத் தனித்தாளுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வெள்ளம்தான். ஒரே இருப்பில் ஒரு படம், சில நாட்களில் பல படங்கள். தூரிகை அவருக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. பேனை, பேனையின் பின்பக்கம், விரல், துணித்துண்டு எல்லாம் உதவின. எழுதுகிற நிற மைகளையே பாவித்தார். பூவிதழைக் கசக்கித் தேய்த்ததும் உண்டு. முதலில் ஒரு கோடோ திட்டோ விழும், பிறகு சுற்றிவரக் கறுப்பு ஏறும், அந்தக் கறுப்புக்குள் மிச்சம் விட்ட இடத்தில் ஒரு முகம் நிற்கும். சிவப்பும் பச்சையும் அவருக்குச் சரியாகப் பிரிந்து தெரியவில்லை என்று பின்னால் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கபில நிறங்களும் இருண்ட மஞ்சளும் அதனாலோ என்னவோ. படங்களுக்கு அனேகமாகத் தலைப்பு வைக்கவே இல்லை. சொற்களால் சம்பாதித்த ஒரு மனிசன் தன் படத்துக்கு ஒரு சொல்லைக்கூடக் கொடுக்க மறுத்ததை நான் சின்ன விசயமாக எடுக்கமாட்டன்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையைக் கொஞ்சம் தட்டவேண்டும். 'தாகூருக்குப் படம் கீறவே தெரியாது, கடைசிக் காலத்தில் தானாக வந்தது' என்று அதிசயம் மாதிரிச் சொல்லுவினம். அவரும் தன்னைப் பற்றி அப்பிடித்தான் கதைத்தார். ஆனால் 1900 ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போசுக்கு எழுதிய கடிதத்தில், தான் படம் கீறிப் பழகுவதாகவும் பென்சிலைவிட அழிறப்பரைத்தான் கூடப் பாவிப்பதாகவும் பகிடியாகச் சொல்கிறார். இருபது சொச்ச வருசத்துக்குப் பிறகு அழிப்பதிலேயே அவருக்குப் படம் கிடைத்தது. 1916 இல் யப்பானில் தங்கியிருந்தபோது அந்நாட்டு ஓவியர்களின் பெரிய பெரிய வேலைகளைப் பார்த்து வாயடைத்துப்போய், ஊரில் இருந்த பெறாமகன்மார் அவனீந்திரநாத்துக்கும் ககனேந்திரநாத்துக்கும் வெளியில் வந்து பாருங்கோ என்ற தொனியில் கடிதம் எழுதினார். 1927 இல் யாவாவும் பாலியும் போனார். பசிபிக் தீவுகளின் முகமூடிகளும் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் செதுக்கல்களும் அவருடைய உருவங்களில் தெரிவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஐம்பது வருசத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் வங்காள எழுத்தின் வளைவுகளை எழுதி எழுதிப் பழகிய கை அது. அந்தக் கைக்குக் கோடு தெரியாது என்று எப்பிடிச் சொல்லுவது? நாதஸ்வரக்காரர் நடுச்சாமத்தில் யோசிக்காமல் வாசிக்கிறார் என்றால், யோசித்துச் சாதகம் செய்த இருபது வருசம் அவருக்குப் பின்னால் நிற்கிறது.

அப்ப எதை அவர் உண்மையாகவே கற்கவில்லை? எப்பிடிக் கீறினால் 'இந்திய ஓவியம்' ஆகும் என்ற சட்டத்தை. அந்தச் சட்டத்தை எழுதியது அவருடைய சொந்தக் குடும்பம்தான் என்பதுதான் கதையின் சுவையான இடம். அவனீந்திரநாத் 1905 இல் பாரதமாதாவைக் கீறினார். அவரைச் சுற்றி வளர்ந்த வங்காள ஓவிய மரபு, பிரித்தானியர் படிப்பித்த எண்ணெய்ச்சாய முறையை விட்டு முகலாயச் சிற்றோவியத்துக்கும் அஜந்தாவுக்கும் புராணத்துக்கும் திரும்பியது. அதற்கு அந்தக் காலத்தில் ஒரு தேவை இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச வருசத்தில் அதுவும் ஒரு அச்சாகிவிட்டது. மெலிந்த விரல், பாதி மூடிய கண், மங்கிய நிறம். நந்தலால் போஸ் தலைமையில் சாந்திநிகேதனின் கலாபவனில் மாணவர்கள் முறையாகப் படித்துக்கொண்டிருந்த அதே வளவில், அந்த இடத்தைத் தொடக்கிய கிழவர் எந்த மரபிலும் அடங்காத பூதங்களைக் கீறிக்கொண்டிருந்தார்.

1930 மே மாதம் பாரிசில் பிகால் கலைக்கூடத்தில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. அந்த நகரத்தில் ஒரு கண்காட்சிக்கு இடம் பிடிக்கக் கனகாலம் எடுக்கும். ஒகாம்போ வந்து சட்டென்று ஒழுங்கு செய்தார். கவிஞர் ஆனா த நொஆய் கையேட்டுக்கு முன்னுரை எழுதினார். ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: நோபல் பரிசு வாங்காத ஒரு 69 வயதுத் தபால்காரர் இதே படங்களைக் கீறியிருந்தால் அந்தக் கதவு திறந்திராது. உள்ளுணர்வு எல்லாருக்கும் இருக்கலாம், அதைத் தொங்கவிடச் சுவர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதே வருசம் பேர்மிங்காம், லண்டன், பெர்லின், டிரெஸ்டன், மியூனிக், கொப்பன்ஹேகன், ஜெனீவா, மொஸ்கோ என்று படங்கள் சுற்றின, பிறகு அமெரிக்காவுக்கும் போயின. ஜேர்மனியில் வரவேற்பு நல்லாக இருந்தது. பெர்லின் தேசிய ஓவியக்கூடத்துக்கு ஐந்து படங்களைக் கொடுத்தார். 1937 இல் நாசிகள் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி அரும்பொருளகங்களைத் துடைத்தபோது அந்தப் படங்களும் அகற்றப்பட்டன. கிளேயும் கன்டின்ஸ்கியும் போன அதே பட்டியலில் சாந்திநிகேதன் கிழவரும். திட்டமில்லாமல் ஓடுகிற ஒரு கோட்டில் சர்வாதிகாரிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசிக்கலாம். அவர்களுக்குத் தேவைப்பட்ட படத்தில் ஆண் என்றால் எப்பிடி, பெண் என்றால் எப்பிடி, உடம்பு என்றால் எப்பிடி என்று எல்லாம் முன்னமே முடிவாகியிருந்தது.

ஊரில் என்ன சொன்னார்கள்? 1931 டிசம்பரில், அவருடைய எழுபதாவது வயதைக் கொண்டாடும்போது, கல்கத்தா நகர மண்டபத்தில் படங்கள் வைக்கப்பட்டன. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் விளங்கவில்லை என்பதுதான் பொதுவான நிலை. விளங்காததை விளங்கவைக்க ஆட்கள் வாழ்க்கை வரலாற்றுக்குள் இறங்கினார்கள். அந்தப் பெண் முகங்கள் எல்லாம் 1884 இல் தற்கொலை செய்த அவருடைய அண்ணி காதம்பரி தேவியின் முகம் என்ற வாசிப்பு இன்றைக்கும் ஓடுகிறது. இருக்கலாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அவர் தலைப்பே வைக்காமல் விட்ட படத்துக்கு நாங்கள் ஒரு செத்த பெண்ணின் பெயரை ஒட்டுவது, பார்க்கிற வேலையில் இருந்து தப்புவதற்கான வழி போலத்தான் இருக்கிறது.

எங்கட தீவுக்கும் தாகூருக்கும் தொடர்பு உண்டு. 1922, 1928, 1934 என்று மூன்று முறை வந்தார். 1934 இல் 'சாபமோசன்' நாட்டிய நாடகக் குழுவோடு வந்தபோது ஹொரணையில் ஸ்ரீ பாலிக்கு அடிக்கல் நாட்டினார், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார், கண்டியில் இருந்து 'சார் அத்யாய்' நாவலை எழுதி முடித்தார். இங்கே நாங்கள் அவரிடம் இருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பாட்டும் நாட்டியமும்தான். படத்தின் பக்கம் போனவர்களில் முக்கியமானவர் மஞ்சுஸ்ரீ. பௌத்த பிக்குவாக இருந்த அவர் 1932 இல் சீன மொழி படிக்கச் சாந்திநிகேதன் போனார், படத்தோடு திரும்பி வந்தார். பிறகு பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய், அழிந்துகொண்டிருந்த விகாரைச் சுவரோவியங்களைக் கோடு பிசகாமல் பிரதி செய்தார். 1943 இல் கொழும்பில் உருவான '43 குழு'விலும் ஒருவர். அவர் தனக்காகக் கீறிய படங்களைப் பார்த்தால் அங்கே விசித்திர உருவங்கள் கனவில் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன. பகலில் இன்னொருவரின் கோட்டை மயிரிழை பிசகாமல் பின்தொடர்கிற கை, தன் பாட்டில் விட்டதும் இப்பிடி ஓடுகிறது. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

எங்கட பள்ளிக்கூடங்களில் சித்திர பாடம் என்றால் என்ன? சந்தைக் காட்சி, பொங்கல் காட்சி, பஸ் தரிப்பிடம். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், ஒரு தென்னை. சோதினைக்கு முதல் ரியூசனில் பாடமாக்கின மனிசர்களை அப்பிடியே இறக்கிவைப்பது. நிறம் வெளியில் வழிந்தால் புள்ளி போகும். பயிற்சி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, மேலே மஞ்சுஸ்ரீயைப் பற்றிச் சொன்னது அதுக்காகத்தான். ஆனால் வழிந்த நிறத்தைப் பார்த்து 'இது என்னவாக வரப்போகுது?' என்று ஒரு பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு வயதில் 'எனக்குக் கீற வராது' என்று முடிவெடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்கப் பென்சில் தொடாத எத்தனை பேரை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சாந்திநிகேதனில் தாகூரின் இந்தத் துணிச்சல் வீண்போகவில்லை. ராம்கிங்கர் பைஜ் 1938 இல் அந்த வளவில் 'சாந்தால் குடும்பம்' சிலையைச் செய்தார். வெண்கலத்துக்குக் காசு ஏது? சீமெந்தையும் செம்புறைக்கல் சரளையையும் குழைத்து, கம்பிக்கூட்டின்மேல் அப்பி அப்பி உருவத்தை எழுப்பினார். கைப்பட்ட தடமெல்லாம் இன்றைக்கும் அதில் தெரிகிறது. வினோத் பிஹாரி முகர்ஜிக்கு ஐம்பதுகளில் ஒரு கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்வையே போய்விட்டது. அவர் நிற்பாட்டவில்லை. விரலால் தடவி, நிறத்தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், சுவரோவியமும் செய்தார். சத்யஜித் ராய் அவரைப் பற்றி 1972 இல் ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். கிடைத்தால் பாருங்கோ, இருபது நிமிசம்தான்.

தாகூரின் படங்களில் பெரும்பகுதி இன்றைக்கும் சாந்திநிகேதனில் இருக்கிறது. 1976 இல் இருந்து அவை இந்தியாவின் தேசியக் கலைச்செல்வம், நாட்டுக்கு வெளியே விற்க முடியாது. வெளியில் ஏற்கெனவே போனவை வேறு கணக்கு. 1924 இல் சான் இசித்ரோ வீட்டில் தாகூருக்குச் செயலாளராகக் கூட இருந்தவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். அவர் பிறகு இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் என்ற இடத்தில் சாந்திநிகேதனை மனதில் வைத்து ஒரு நிறுவனத்தைத் தொடக்கினார். அங்கே இருந்த தாகூரின் 12 படங்கள் 2010 யூன் மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்து, 16 இலட்சம் பவுணுக்குப் போயின. சாதாரண தாளும் எழுதுகிற மையும் என்றபடியால், வாங்கினவை அவற்றை வெளிச்சம் படாமல்தான் வைத்திருக்க வேண்டும்.